பிலம் புகுதலும் நீங்குதலும்

கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்திலே ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றொரு படலம் உண்டு. சீதையைத் தேடிச் சென்ற வானர வீரர், நீர்வேட்கையால் வருந்தி, ஒரு பிலத்தினுள்ளே புகுகின்றனர். பிலம் என்பது நிலத்தின் கீழுள்ள பெருங்குகை. உள்ளே கண் தெரியாத இருள். அநுமனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நடக்கின்றனர். புகுந்தவர்களுக்கு வெளியேறும் வழி தெரியவில்லை. ஈற்றில் அநுமனுடைய பேராற்றலே அவர்களை வெளியே கொணர்கின்றது.

இப்படலத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ‘புக்கு’ என்ற சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு எழுதுவித்திருக்கின்றேன். ‘நீங்கு’ என்ற சொல்லிலே நின்று நிதானித்ததில்லை. அச்சொல்லின் பொருளை எனக்கு விளக்கியவன் உரையாசிரியன் அல்லன். என்னிடம் படித்த ஒரு மாணாக்கன். தமிழிலே அவன் பெற்ற புள்ளிகளைப் பற்றி ஈண்டுப் பேசாது விடுவதே அவனுக்கும் எனக்கும் நல்லது.

2003ஆம் ஆண்டு. வகுப்புப் பிள்ளைகளை நிலாவரைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இராமபிரான் அம்பை ஊன்றி நீர் வருவித்த கதையைச் சொன்னேன். ஆழங் காணமுடியாத கிணறு என்று ஊரார் சொல்வதையுஞ் சொன்னேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் விளிம்பிலே குனிந்து நின்று, “ஐயா, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? எங்கே போகிறது?” என்று கேட்டான். “விளிம்பை விட்டு இப்பால் வாரும்” என்றேன். அஃது எச்சரிக்கை, விடை அன்று. விடை என்னிடம் இருக்கவில்லை. இல்லை என்று சொல்லும் துணிவும் இருக்கவில்லை.

அந்தப் பையன் பின்னர் கனடாவுக்குப் போனான். உத்தியோகம் தேடிக்கொண்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவனுடைய தாயார் கலங்கிய கண்களோடு என் வீட்டுப் படியேறினார். மகன் நீருக்கடியிலுள்ள குகைகளிலே சுழியோடப் பழகுகின்றானாம். “ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான். ஒரு கடிதம் எழுதுங்கோ” என்றார்.

எழுதினேன். கொஞ்சங் கடுமையாகவே எழுதினேன். “தம்பி, சுழியோடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். அது வயிற்றுக்காக. நீர் குளிப்பது எதற்காக? கடலிலே மூச்சு முட்டினால் மேலே வரலாம். குகையிலே மேலே இருப்பது கல். சக்கர வியூகத்துள்ளே புகத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்னனை நினைவிற் கொள்ளும்” என்று எழுதி, அபிமன்னன் கதையை எடுத்தாண்ட திறத்தை நானே மெச்சிக்கொண்டேன். “ஊருக்கு வரும்போது விடை சொல்லுகிறேன், ஐயா” என்ற ஒரு வரியே மறுமொழியாக வந்தது.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தான். கையிலே ஒரு சிறிய உருளை; அதிலே சுற்றிய வெண்ணிற நூற்கயிறு. என்னை வணங்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குச் சென்று, கயிற்றின் ஒரு தலையைப் படலையிலே முடிந்தான். மாமரத்தைச் சுற்றி, கமுகுகளிடையே வளைத்து, கிணற்றடித் துலாக்கால் வரை கொண்டுபோய்க் கட்டினான். இடையிடையே முக்கோண வடிவான சிறு அடையாளங்களைக் கயிற்றிலே செருகினான். பின்பு என் சால்வையாலே என் கண்களைக் கட்டிக் கிணற்றடியிலே என்னை நிறுத்தி, “ஐயா, இப்பொழுது படலைக்கு வாருங்கள்” என்றான்.

முப்பது ஆண்டு நடந்த முற்றம். ஐந்தாம் அடியிலே திசை கெட்டேன். கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியவில்லை. கயிற்றைப் பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்த்துப் பிடித்திருந்த கை மட்டுந்தான் உலகத்தோடு எனக்கிருந்த தொடர்பு. மாமரத்தடியிலே தடுமாறி, எப்பக்கம் திரும்புவது என்று திகைத்தபோது முக்கோணம் ஒன்று விரலிலே பட்டது. அதன் கூர் வெளிவாயில் உள்ள பக்கத்தைக் காட்டும் என்று சொல்லியிருந்தான். கூரைத் தடவி நடந்தேன். படலை கையிலே தட்டுப்பட்டபோது எனக்கு வியர்த்திருந்தது.

“இதைத்தான் முதலிலே படிப்பிக்கிறார்கள், ஐயா. தண்ணீரிலே இறங்குமுன் மரங்களிடையே கயிறு கட்டிக் கண்ணை மூடி நடக்கப் பழக்குவார்கள். பின்பு அதையே நீருக்கடியிலே செய்விப்பார்கள். அபிமன்னன் படியாத பாடத்தைத்தான் நாங்கள் முதலிற் படிக்கிறோம்” என்றான்.

நன்னூலார் ‘நூல்’ என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கம் சொல்லுவார். பஞ்சிலிருந்து திரிக்கப்படும் நூலோடு ஒப்பிடுவது ஒன்று. மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் இடும் நூலோடு ஒப்பிடுவது மற்றொன்று. புகுந்தவனை வீடு சேர்க்கும் நூல் ஒன்று உண்டு என்பதை அன்று என் முற்றத்திலே கண்டேன்.

அவன் சொன்னவற்றைச் சுருக்கித் தருகின்றேன். குகையிலே சுழியோடி இறந்தவருட் பலர் நீந்தத் தெரியாதவர் அல்லர். கடலிலே சுழியோடுதலைப் பிறருக்குப் பயிற்றிய ஆசிரியர்களும் அவருள் இருந்தனர். காரணம் என்ன? இதனை ஆராய்ந்தவர் ஷெக் எக்ஸ்லி என்னும் அமெரிக்கர். அவர் புளோரிடா மாநிலத்திலே ஒரு கணித ஆசிரியர். இறந்தவர் ஒவ்வொருவரும் எங்கே தவறினர் என்று கணக்கன் பேரேட்டைப் பார்ப்பது போலப் பார்த்து, 1979இல் ஒரு சிறு நூலாக எழுதினார். வெளிவாயில் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவுக்கு மிஞ்சிய ஆழம் என்பவற்றைக் காரணங்களாகக் கண்டார். பயிற்சியின்மையும் விளக்குக் குறைவும் பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டன. ஒருவர் மூன்று மின்சூள் கொண்டு செல்லவேண்டும் என்பது விதி. ஒன்று அணைந்தால் இரண்டு. இரண்டு அணைந்தால் ஒன்று.

காற்றைப் பற்றிய விதி என் உள்ளத்தைத் தொட்டது. உருளையிலுள்ள காற்றை மூன்று கூறாக்க வேண்டும். ஒரு கூறு போவதற்கு. ஒரு கூறு வருவதற்கு. மூன்றாங் கூறு? அது தோழனுக்கு. அவனுடைய காற்று முற்றும் போய்விட்டால் இருவரும் ஒன்றாக வெளியேறுவதற்கு அது வேண்டும். அதற்கென்றே ஏழு அடி நீளமான குழாய் ஒன்றைப் பூட்டியிருப்பார்கள். ஒடுங்கிய வழியிலே ஒருவர்பின் ஒருவராகச் செல்லும்போதும் ஒருவருடைய காற்றை மற்றவர் சுவாசிக்க அந்த நீளம் உதவும். தோழர் மூவரில் எவருடைய மானி முதலில் எல்லையைக் காட்டுகின்றதோ, அப்பொழுதே மூவரும் திரும்பவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. எவரும், எந்த வேளையிலும், எந்தக் காரணத்துக்காகவும் “திரும்புவோம்” என்று சைகை காட்டலாம். மற்றவர்கள் திரும்பவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சைகை என்ன தெரியுமா? மேல்நோக்கிய பெருவிரல். நம்மூரிலே வெற்றிக்குக் காட்டும் விரல், அங்கே மீளுதலுக்குக் காட்டும் விரலாயிருக்கின்றது.

நிற்க. பயிற்சி முடிந்து தராதரப் பத்திரம் பெற்ற பின்னர், ஆசிரியர் உடன் வராத முதற் பயணமாக, அவனும் தோழர் இருவரும் புளோரிடாவிலே சுவானி ஆற்றை அடுத்த பீகொக் ஊற்றுகளுக்குச் சென்றனர். நீரினடியிலே பல மைல் நீளமான குகைவழிகள் அளந்து படம் வரையப்பட்ட இடம் அது. இப்பொழுது மாநிலப் பூங்காவாக உள்ளது. மரப்படிகளால் இறங்கினால் மரஞ் சூழ்ந்த அமைதியான குளம். பார்ப்பவர் குகை என்று நினையார். நீரினுள்ளே குகைவாயிலிற் காலனுருவம் தீட்டிய பலகை ஒன்று, பயிற்சியில்லாதவர் இதற்கு அப்பால் வரவேண்டா என்று எச்சரிக்கின்றது. “நான் நிலாவரையிலே சொன்னதைத்தான் அந்தப் பலகையும் சொல்லுகிறது” என்றேன். “ஆம் ஐயா. ஆனால் பயின்று வா என்பதும் அதற்குள்ளே இருக்கிறது” என்றான். வாய் மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் படும் இடத்திலே கயிற்றின் தலையை முடிந்து, குகையினுள்ளே நிலையாக இடப்பட்டிருக்கும் கயிறு வரை விட்டுச் சென்றனர். ஒவ்வோர் உருளையிலும் சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் அமுக்கம். மானி 2,000 காட்டியதும் திரும்ப வேண்டும். அடியிலே மாவு போன்ற மென்சேறு. துடுப்பணிந்த கால் சற்றுத் தாழ்ந்து அடித்தால் நீர் முழுதும் கலங்கி, மூன்று மின்சூளும் பயனற்றுப் போகும். ஆதலால் தவளை போலக் காலை மடித்து மெல்ல உதைத்துச் செல்லவேண்டும். நிறமிழந்து வெளுத்த நன்னீர் இறால் ஒன்றைக் கல்லிடுக்கிலே கண்டானாம். தலைமுறை தலைமுறையாக இருளிலே வாழ்ந்து பார்வையை இழந்த இனம்.

அவர்கள் கருதிச் சென்றது ஒல்சன் என்ற மற்றொரு குழியை. அங்கே நிலம் உள்விழுந்து வானத்து வெளிச்சம் நீரினுள்ளே இறங்கும். அதைக் கண்டு மீள்வதே நோக்கம். பல மாதம் படத்திலே பார்த்து ஏங்கியிருந்தான். வழியின் ஒரு வளைவிலே, தொலைவில் நீலநிறம் கசிவது போல அவனுக்குத் தோன்றிற்று. அப்பொழுது பின்னால் வந்த தோழனுடைய விளக்கொளி அசைந்தது. திரும்பிப் பார்த்தான். மேல்நோக்கிய பெருவிரல். தோழனுடைய மானி எல்லையைத் தொட்டுவிட்டது. அவனுடைய மானியிலோ இன்னும் மிச்சம் இருந்தது.

“இன்னுங் கொஞ்சம் போயிருந்தால் கண்டிருப்பீர் அல்லவா?” என்றேன். என்னையறியாமலே கேட்டுவிட்டேன். போகாதே என்று கடிதம் எழுதிய அதே நான்!

“கண்டிருக்கலாம், ஐயா. ஆனால் அங்கே போவதற்குச் செலவாகும் காற்று என்னுடையதன்று; அது தோழனுடைய பங்கு” என்றான்.

வெளியே வந்தபின் எவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். கரையிலிருந்து தேநீர் குடித்தார்களாம்.

எக்ஸ்லியைப் பற்றி மேலுஞ் சொல்ல வேண்டும். அவர் 1994 ஏப்பிரல் 6ஆம் நாள் மெக்சிக்கோ நாட்டிலே சக்கத்தோன் என்னும் நீர்க்குழியில் 1,000 அடிக்குக் கீழே செல்ல முயன்றபோது உயிர்துறந்தார். ஆழத்தைப் பற்றி எச்சரித்தவரை ஆழமே கொண்டது. இதைச் சொல்லிவிட்டு என் மாணாக்கன் நெடுநேரம் பேசாதிருந்தான். ஏளனமாக ஒரு சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை. “அவர் எழுதி வைத்ததனால்தான் நான் உங்கள் முன்னே இருக்கிறேன்” என்று மட்டுஞ் சொன்னான். ஆசிரியன் தவறினும் அவன் தந்த நூல் மாணாக்கனை வெளியே கொணர்கின்றது. ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அதிலே ஆறுதலும் இருந்தது, அச்சமும் இருந்தது.

மறுநாட் காலை இருவரும் நிலாவரைக்குச் சென்றோம். அவன் குதிக்கப் போகின்றான் என்று தாயாரும் உடன் வந்தார். அவன் கால் கூட நனைக்கவில்லை. விளிம்பிலே நின்று, நான் அன்று சொல்லாத விடையைச் சொன்னான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே இறங்கி, நெடுங்காலமாகக் கல்லைக் கரைத்து வழி செய்கின்றது. புளோரிடாவின் குகைகளும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லிலுள்ள குழிகளும் வெவ்வேறு காலத்துக் கற்களிலே அமைந்தவை. ஆயினும் அவற்றைச் செய்த தச்சன் ஒருவனே. நிலாவரையின் மேற்பகுதியிலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டுக்கு, உவர்நீரின்மேல் மிதக்கும் அந்த நன்னீரே உயிர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஓரிடத்து மண்ணிலே கொட்டிய நஞ்சு கல்லின் வழிகளூடே வேறிடத்துக் கிணற்றுக்குப் போகும்.

“புளோரிடாவிலும் இதே கதைதான், ஐயா. குகைக்குள்ளே போனவர்கள் படம் வரைந்த பின்புதான், யாருடைய நிலத்தின் அழுக்கு எந்த ஊற்றுக்குப் போகிறதென்று பல இடங்களிலே தெளிவாயிற்று” என்றான். எதற்காகக் குளிக்கிறீர் என்று நான் கேட்ட கேள்விக்கும் அப்பொழுது விடை கிடைத்தது. தாயார் கிணற்றையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் திரும்பிப் போய்விட்டான். சென்ற கிழமை பண்டித வகுப்பிலே நன்னூற் பாயிரம் நடத்தினேன். நான்காஞ் சூத்திரத்துக்கு வந்துவிட்டேன். பின்வரிசையிலே ஒரு பிள்ளை எழுந்து, “ஐயா, இரண்டாஞ் சூத்திரத்திலேயே வழி தவறிவிட்டேன். திரும்பவும் அங்கிருந்து சொல்லுவீர்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இத்தகைய வேளைகளிலே நான் சொல்லும் கடுஞ்சொற்களை என் மாணாக்கர் நன்கு அறிவர். வகுப்பு முழுவதும் அதை எதிர்பார்த்திருந்தது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தைப் பின்னே புரட்டினேன்.