காரின் ஸ்பீக்கரை நாமே மாற்றலாமா?

நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் பலர் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் சிறிது நேரப் பயணத்தில் நல்ல பாட்டு ஒன்று கேட்டால் களைப்பு நீங்கும். ஆனால் காரோடு வந்த ஸ்பீக்கரில் மிருதங்க ஒலி சாரமின்றிக் கேட்கும். ஒலியைக் கூட்டினால் கரகரக்கும். ‘வாட் அதிகமுள்ள ஸ்பீக்கரை வாங்கி மாட்டினால் போதும்’ என்று நினைக்கத் தோன்றும். இது சரிதானா? பார்ப்போம்.

ஸ்பீக்கர் இயங்கும் விதம்

ஸ்பீக்கரின் பின்புறம் ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. சுருளோடு கூம்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. இதுவே ஒலி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-இல் விளக்கிய இந்த அமைப்பே இன்றைய கார் ஸ்பீக்கர்களுக்கும் அடிப்படை.

காரோடு வரும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் செலவைக் குறைப்பதற்காகச் சிறு காந்தமும் காகிதக் கூம்பும் வைக்கிறார்கள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு, ஆண்டுக்கணக்கான வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்துவிடுவதுண்டு. அப்படிப் பொடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வாட் கணக்கு

ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட், அது தாங்கக்கூடிய அளவே. அது தரும் ஒலியின் அளவன்று. மின்திறனைக் கொடுப்பது டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ. அது எவ்வளவு கொடுக்கும்? எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14-ஐ 14-ஆல் பெருக்கி, 4-இன் இருமடங்கான 8-ஆல் வகுத்தால் 24.5 வருகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிப் பெருக்கி இல்லாத சாதாரண ஸ்டீரியோ, ஒரு ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தரக்கூடிய உச்ச எல்லை ஏறக்குறைய இதுதான். நடைமுறையில் இன்னும் குறையும். அட்டைப் பெட்டியில் ‘50 வாட்’ என்று அச்சிட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே கடையில் வாட்டைக் கேட்காதீர்கள், உணர்திறனைக் கேளுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே உணர்திறன். மின்திறனை இருமடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். எனவே 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுப்பதும், 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுப்பதும் ஒன்றே!

கதவே பெட்டி

கூம்பு முன்புறக் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்புறக் காற்று விரிகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வினாடிக்கு 50 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, கதவிலுள்ள துளைகள் வழியே சுலபமாகச் சுற்றி வந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மறைவதற்கு முக்கியக் காரணம் இதுவே. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பதுபோல, காரில் கதவுதான் பெட்டி. ஆகவே கதவின் உட்தகட்டிலுள்ள பெரிய துளைகளைப் பியூட்டைல் ரப்பர் ஒட்டுத்தாளால் மூடுங்கள். புதிய ஸ்பீக்கர் வாங்காமல் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் கதவின் அடியிலுள்ள துளைகளை மூடக்கூடாது. கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மாற்றும் முறை

1. சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். சில கார்களின் கதவில் காற்றுப்பையின் உணர்கருவி இருக்கும். மஞ்சள் நிற ஒயர்களைத் தொடாதீர்கள்.

2. உள்பலகையின் திருகுகளைக் கழற்றி, கிளிப்புகளை மெதுவாக விடுவியுங்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கினாலும் அது இடிக்காத ஆழமே புதிய ஸ்பீக்கருக்கு ஏற்றது. பேட்டரியைக் கழற்றுமுன்பே கண்ணாடியை இறக்கி அளந்துகொள்ளுங்கள்.

3. ஸ்டீரியோவில் குறித்துள்ள ஓம் அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கரைப் பொருத்தாதீர்கள். 4 ஓமுக்குப் பதில் 2 ஓம் வைத்தால் மின்னோட்டம் இருமடங்காகி ஸ்டீரியோ சூடேறிக் கெடும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதுவும் காரின் உடலில் படக்கூடாது.

4. நேர்முனை எது என்று தெரியாவிட்டால், கழற்றிய ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை. இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்று தலைகீழாக இணைந்துவிட்டால் தாழ்ந்த ஒலி காணாமற்போகும்.

5. கதவின் பிளாஸ்டிக் மழைத்தாளை மறவாமல் முன்போல் ஒட்டுங்கள்.

செவிக்கும் ஓர் அளவுகோல்

வேலை செய்து முடித்த பிறகு, ஒலியை எவ்வளவு வைப்பது என்பதே மிக முக்கியமான கேள்வி. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு நான்கு மணி; 94-க்கு ஒரு மணி; 100-க்குப் பதினைந்தே நிமிடம்.

டர்பைன், கன்வேயர், பெரும் தோண்டும் இயந்திரங்கள் ஆகியவற்றின் அருகே பணிபுரிவோருக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. பேரிரைச்சலில் சில மணி நேரம் இருந்த செவி, தற்காலிகமாக மந்தமாகிவிடும். அப்போது காரில் பாட்டின் ஒலி போதாததுபோல் தோன்றும்; கை தானாக ஒலியைக் கூட்டும். ஓய்வு பெற வேண்டிய செவிக்கு மேலும் சுமை ஏறும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேலை முடிந்து வரும்போது நன்றாகக் கேட்கும் அளவில் ஸ்டீரியோவை வைத்து, குமிழைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நன்கு உறங்கி எழுந்து, மறுநாள் காலை அதே பாட்டைப் போடுங்கள். காதைப் பிளப்பதுபோல் கேட்டால், முதல் நாள் இரைச்சல் உங்கள் செவியைக் களைக்க வைத்திருக்கிறது என்று பொருள். பணியிடத்தில் செவிக் காப்பை ஒழுங்காக அணிய வேண்டும்; செவி மருத்துவரையும் பார்க்க வேண்டும். தற்காலிக மந்தம் அடிக்கடி நேர்ந்தால் நாளடைவில் நிரந்தரமாகிவிடும். உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

கதவை நன்றாக அடைத்து, முனைகளைச் சரியாக இணைத்த ஸ்பீக்கரில் குறைந்த ஒலியிலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரை மாற்றுவதன் உண்மையான லாபம் அதுவே. ஸ்பீக்கர் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். இயற்கை தந்த செவிக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.