துவர்ப்பும் இரத்த நாளமும்

நாவற்பழம் தின்றவர் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பையும், பால் கலவாத தேநீரின் கடைசி மிடறு தொண்டையில் விட்டுச் செல்லும் மெல்லிய கைப்பையும் அறியாதவர் நம்மில் இல்லை. அவற்றுக்குக் காரணமான வஸ்துக்களைப் பாலிபீனால்கள் என்ற ஒரே குலப்பெயரால் இரசாயன சாஸ்திரிகள் அழைக்கிறார்கள். வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாவரங்கள் தமக்காகவே சிருஷ்டித்துக்கொண்ட இவற்றில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. வெங்காயத்தின் வெளியிதழ்களிலும், கேழ்வரகின் மேல்தோலிலும், நாவற்பழத்தின் கருநீல நிறத்திலும், தேயிலையிலும், கொக்கோ விதையிலும் இவை வெவ்வேறு ரூபங்களில் குடியிருக்கின்றன.

இவை இரத்தத்தில் கலந்து, அங்கே திரியும் தீய அணுக்கூறுகளை நேராக அழித்து தேகத்தைச் சுத்தி செய்கின்றன என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். விளம்பரங்கள் இன்றும் அதையே சொல்கின்றன. கேட்பதற்கு எளிதான அந்த விளக்கம் கணக்குக்கு நிற்கவில்லை. நாம் உண்ணும் பாலிபீனாலில் மிகச் சொற்பமே குடலைக் கடந்து இரத்தத்தை அடைகிறது. அதுவும் குடற்சுவரிலும் ஈரலிலும் உருமாறிய பிறகே அடைகிறது. அந்த வேலையைச் செய்யக்கூடிய வைட்டமின் சி, யூரிக் அமிலம் முதலியவை இரத்தத்தில் ஏற்கெனவே அதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருக்கையில், இந்தச் சொற்பம் தன் எடையால் என்ன சாதித்துவிட முடியும்? எனினும் பலன் தென்படுகிறது. ஆகவே அதை இரத்தத்தில் தேடாமல், இரத்தம் ஓடும் நாளத்தின் சுவரில் தேட வேண்டியதாயிற்று.

இரத்த நாளங்கள் அனைத்தின் உட்புறத்தையும் ஒற்றை வரிசை உயிரணுக்களாலான ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. எண்டோதீலியம் எனப்படும் இதை, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதைப் போன்ற வெறும் பூச்சு என்றே வைத்தியர்கள் கருதி வந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மருந்தியல் ஆராய்ச்சி செய்துவந்த ராபர்ட் ஃபர்ச்காட். அசிட்டைல்கோலின் என்ற பொருள் உயிருள்ள பிராணியின் நாளங்களை விரியச் செய்ய, அவர் வெட்டியெடுத்த முயலின் மகாதமனித் துண்டுகளோ அதே பொருளால் சுருங்கின. பல்லாண்டுகளாக விடை கிடைக்காதிருந்த அந்தப் புதிருக்கு, 1978-இல் அவருடைய உதவியாளர் பரிசோதனையின் வரிசைமுறையை மாற்றிச் செய்துவிட்ட ஒரு நாளில் துப்புக் கிடைத்தது; அன்று துண்டு சுருங்காமல் தளர்ந்தது. காரணத்தை விடாமல் துருவிய ஃபர்ச்காட், முன்பெல்லாம் துண்டுகளைத் தயாரிக்கையில் அவற்றின் உட்புறம் உரசுண்டு அந்த மெல்லிய சவ்வு அழிந்துபோயிருந்ததையும், சவ்வு பழுதின்றி இருந்தால் மட்டுமே நாளம் தளர்கிறது என்பதையும் கண்டு, 1980-இல் வெளியிட்டார். சவ்விலிருந்து புறப்பட்டுத் தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் தூதன் நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயுவே என்பது மேலும் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1998-இல் ஃபர்ச்காட்டுக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பிழையைப் பிழையென்று ஒதுக்கிவிடாமல் அதன் காரணத்தை விசாரித்த அந்தப் பொறுமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சில விநாடிகளே ஜீவித்திருக்கும் அந்த வாயு நாளத்தின் தசையைத் தளர்த்துகிறது. இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் பற்றி உட்புகாதபடி காக்கிறது. புகைபிடித்தலும், சர்க்கரை வியாதியும், உயர் இரத்த அழுத்தமும், முதுமையும் இந்த வாயுவின் உற்பத்தியைக் குறைக்கின்றன, அல்லது உண்டானவுடனேயே சூப்பராக்சைடு என்ற விரோதியால் அது அழிந்துபோகும்படி செய்கின்றன. தமனியில் கொழுப்புப் படியத் தொடங்குவது அத்தகைய இடங்களில்தான்.

பாலிபீனால்களின் காரியம் இங்கேதான் ஆரம்பமாகிறது. கொக்கோவிலும் தேயிலையிலும் உள்ள எபிகேட்டசினும் அதன் உருமாறிய வடிவங்களும், நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியை உயிரணுவுக்குள் ஊக்குவிக்கின்றன. சூப்பராக்சைடை உண்டாக்கும் மற்றொரு நொதியை அடக்கி, பிறந்த வாயுவின் ஆயுளையும் நீட்டுகின்றன. அதாவது, இவை தாமே போரிடும் சேனையாக வராமல், சுவரின் உயிரணுக்கள் தம் ஸ்வதர்மத்தைச் செவ்வனே செய்யும்படி சமிக்ஞை கொடுக்கின்றன. சமிக்ஞைக்கு அதிக அளவு தேவையில்லை என்பதனால், சொற்பம் எப்படிப் பலன் தருகிறது என்ற கேள்வியும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. குடலில் உறிஞ்சப்படாமல் எஞ்சியதும் முற்றும் வீணாவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிறு சிறு அமிலங்களாகச் சிதைக்க, அவை பல மணி நேரம் கழித்து இரத்தத்தை அடைகின்றன.

இந்தப் பலனை மனிதரிடத்தில் அளக்கும் முறை எளியது. முன்கையைப் பட்டையால் ஐந்து நிமிஷம் இறுக்கிப் பின் விடுவித்தால், பாய்ந்து வரும் இரத்தத்தின் உராய்வால் மேற்கைத் தமனி விரிகிறது. அது எவ்வளவு விரிந்தது என்பதை அல்ட்ராசவுண்ட் கருவி காட்டிவிடும். எபிகேட்டசின் முதலிய ஃபிளேவனால்கள் மிகுந்த கொக்கோவைப் பருகிய இரண்டு மணி நேரத்தில் அந்த விரிவு கூடுகிறது. 2006-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், தனியாகப் பிரித்த எபிகேட்டசினைக் கொடுத்தபோதும் கொக்கோ தந்ததைப் போன்ற பலனே காணப்பட்டது.

கொக்கோவின் பக்கம் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைத் திருப்பியவர்கள் பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குணா என்ற பழங்குடி மக்கள். வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறுவது உலகில் பெரும்பாலோருக்கு விதியாயிருக்க, இவர்களுக்கு அப்படி ஏறுவதில்லை என்பது 1944-லேயே கவனிக்கப்பட்டிருந்தது. 1990-களில் ஹார்வர்டின் நார்மன் ஹாலன்பர்க் அங்கே சென்று, பனாமா நகரில் குடியேறிய குணா மக்களுக்கு மற்றவர்களைப் போலவே அழுத்தம் ஏறுவதையும், தீவுவாசிகள் உப்பைக் குறைவாக உண்பவர்கள் அல்லர் என்பதையும் கண்டார். அவர்கள் அன்றாடம் பருகும் கொக்கோவின் மீது அவர் கருத்துச் சென்றது. ஆனால் தீவு வாழ்க்கையில் கொக்கோ மட்டுமா இருக்கிறது? மீனும் பழமும் உடல் உழைப்பும் நகரத்துக்கு அயலான வாழ்க்கை நடையும் உடனிருக்கையில், புகழ் முழுவதையும் ஒரு கோப்பைக்குக் கொடுப்பது நியாயமாகாது. கடையில் வாங்கும் சாக்லேட்டுக்கோ அந்தப் புகழில் பெரும்பாலும் பங்கு கிடையாது. கைப்பு நீங்குவதற்காகக் காரமிட்டுப் பதப்படுத்தும்போது ஃபிளேவனாலின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

2022-இல் முடிவுகள் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், 21,442 முதியோர்களில் ஒரு பாதியினருக்குத் தினம் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால் மாத்திரையாகவும், மறு பாதியினருக்குப் போலி மாத்திரையும் சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டன. இருதய, இரத்த நாள நோய்கள் மொத்தத்தில் 10 சதவிகிதம் குறைந்தன. ஆனால் அந்தக் குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினதே. அந்நோய்களால் நேர்ந்த மரணமோ 27 சதவிகிதம் குறைந்திருந்தது. பிரதான கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காத நிலையில், துணைக் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடையை நம்பிக்கைக்கு இடமாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதே என் கருத்து.

நம் வீடுகளுக்கு நெருங்கிய சங்கதி ஒன்றும் உண்டு. 2007-இல் பெர்லினில் ஆரோக்கியமான 16 பெண்களுக்கு அரை லிட்டர் தேநீர் கொடுத்துச் சோதித்தார்கள். வெறும் தேநீர் தமனியின் விரிவைக் கூட்டிற்று. பத்தில் ஒரு பங்கு பால் கலந்ததும் அந்தப் பலன் அடியோடு மறைந்தது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் கேட்டசின்கள் என்ற பாலிபீனால்களைப் பற்றிக்கொள்வதே காரணம் என்றார்கள். சோதிக்கப்பட்டவர்கள் சிலரே, ஆயினும் பாலிலேயே தேயிலையைக் கொதிக்கவிடும் நாம், இடையிடையே ஒரு வேளையாவது பாலின்றிப் பருகிப் பார்ப்பதில் நஷ்டமொன்றும் இல்லை.

துவர்ப்பு என்பதற்காகவே எதையும் நல்லதென்று ஏற்றுவிடக் கூடாது. பாலிபீனால் மிகுந்த பாக்கு, வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே அறிவித்திருக்கிறது. மாத்திரைகளின் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பச்சைத் தேயிலையின் சாரத்தைச் செறிவாக்கி, அதன் முக்கியக் கேட்டசின் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சேரும்படி உட்கொண்டவர்களிடம் ஈரலுக்குத் தீங்கு நேர்வதற்கான அறிகுறிகள் காணப்பட்டன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் தெரிவித்தது. அதே இலையை வெந்நீரில் ஊறவைத்து வழக்கம்போல் பருகுவது பொதுவாக அபாயமற்றது என்றும் அது கூறியிருக்கிறது.