பாட்டியும் வரட்டும், மான் பார்க்க!

குடும்பத்துடன் எங்கேனும் போய் வரலாம் என்று பேச்சு எழுந்தவுடன், "எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மூத்தவர் ஒருவர் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின், அவரைக் கேட்பதே நின்றுவிடும். காடு பார்க்கப் போவதற்கு இப்படி யாரையும் விட்டுச் செல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் திட்டமிட்டால் போதும்.

நம் ஹைதராபாத்தைச் சுற்றியே மூன்று தேசியப் பூங்காக்கள் உள்ளன. ஜூபிலி ஹில்ஸில் காசு பிரம்மானந்த ரெட்டி பூங்கா, சில்கூர் பக்கம் மிருகவனி, வனஸ்தலிபுரத்தில் மகாவீர் ஹரிண வனஸ்தலி. கடைசியில் சொன்னது ஒரு காலத்தில் நிஜாம்களின் வேட்டைக் காடு. மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500-ஆம் ஆண்டை ஒட்டி 1975-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பரப்பு சுமார் 14.5 சதுர கிலோமீட்டர். நாம் அறிந்த சென்னை கிண்டிப் பூங்காவைப்போல் ஐந்து மடங்கு!

இங்கு முக்கியமானது வெளிமான். நம் பழைய நூல்கள் 'இரலை' என்பது இதைத்தான். கறுத்த உடலும் முறுக்கிய கொம்பும் கொண்டது ஆண். பெண் வெளிர் பழுப்பு நிறம். திறந்த புல்வெளியை விரும்பும் மான் இது. ஆகவே புதருக்குள் நடந்து தேட வேண்டிய அவசியம் குறைவு. உட்கார்ந்த இடத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம். நடக்க இயலாதவருக்கு இதைவிட ஏற்ற விலங்கு ஏது?

இனி பாதைக்கு வருவோம். ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் சரிவுதான் கண்ணில் படும். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது விதி. அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம். இது எவ்வளவு கடினம் தெரியுமா? கல்லாறுக்கு மேல் நீலகிரி மலை ரயில் ஏறுவதும் ஏறக்குறைய இதே சரிவில்தான். அங்கே எஞ்சினுக்கே நடுவில் பல் தண்டவாளம் தேவைப்படுகிறது! ஆகையால் விதிப்படி உள்ள சாய்தளத்திலும் தள்ளுபவர் ஒருவர் பின்னால் இருப்பது நல்லது.

சரிவைச் சோதிக்க 3 அடிக் குச்சி ஒன்று போதும். மேல் முனையைத் தரையில் ஊன்றிக் குச்சியைச் சமமட்டமாகப் பிடியுங்கள். கீழ் முனைக்கும் தரைக்கும் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பாதை வேண்டாம்.

இன்னும் சில குறிப்புகள்:

1. முந்தின வாரமே ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், உள்ளே வாகனம் உண்டா, கழிப்பறை வாசலில் படி உண்டா, உட்காரப் பெஞ்சு எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. மணலிலும் சரளையிலும் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதையும். அப்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்செல்லுமாறு இழுத்துச் செல்லுங்கள்.

3. ஸ்டேஷன் யார்டில் நானூறுக்கு ஒன்றுக்கு மேல் சரிவு அனுமதிப்பதில்லை. நிற்கும் வண்டி தானே உருண்டுவிடும் என்பதே காரணம். நாற்காலியும் அப்படித்தான். நிறுத்தியவுடன் பிரேக் போடுங்கள்.

4. கைத்தடியுடன் நடப்பவர் முப்பது நிமிடம் தாங்குவார் என்றால், பத்தாவது நிமிடத்திலேயே திரும்புங்கள். திரும்பும் நடை எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். ஏற்றத்தைப் போகும்போதும், இறக்கத்தை வரும்போதும் வைத்துக்கொண்டால் நல்லது.

5. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வேளையே உத்தமம். குடிநீர், மாத்திரை, தொப்பி, மடக்கு நாற்காலி ஆகியவை மறக்கக்கூடாதவை.

6. குழந்தைகளுக்கு ஒன்று சொல்லி அழைத்து வாருங்கள்: மானுக்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது, கூச்சல் கூடாது. வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்ற விலங்கு.

போக்குவரத்தும் கடினமில்லை. எல்.பி. நகர் வரை மெட்ரோ ரயில். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து விஜயவாடா சாலையில் ஆட்டோவில் போய்விடலாம்.

மாற்றுத் திறனாளிகளுக்குப் பொது இடங்கள் எட்டும்படி இருக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு பூங்காவில் சாய்தளம் இல்லையென்றால், அங்குள்ள வனத்துறை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தனிமனிதர் எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில் எழுதினால் பலன் அதிகம்.

நம் சங்கச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும்போதும் பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்பதோடு, கைத்தடி எத்தனை, சக்கர நாற்காலி எத்தனை என்றும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், மற்ற ஏற்பாடுகளை அதற்கேற்பச் செய்துவிடலாம்.