பழைய பிக்அப், புதிய பாகங்கள்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

அதிகாலை நேரத்தில் வானொலியில் பேசுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அந்நேரத்தில் எங்கள் குரலைக் கேட்பவர்களில் பலர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து காய்கறி ஏற்றி வருபவர், தேக்கா சந்தைக்கு மீன் கொண்டுவருபவர், சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் பூவும் வாழையிலையும் இறக்குபவர் எனப் பலர் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியா கண்விழிக்கும்போது அதற்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். கொண்டுவந்த வண்டியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அவருடையது 2008ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா ஹைலக்ஸ். முன்னும் பின்னும் இரண்டு வரிசை இருக்கைகள் உள்ள பிக்அப். முன்னால் அவரும் ஓர் ஊழியரும், பின்னிருக்கையில் இன்னும் இருவர், அதற்கும் பின்னால் காய்கறிக் கூடைகள்.

சில மாதங்களாக எங்கள் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சே அந்த வண்டிதான். அவர் மகனுக்கு அதில் புதிய ஹைலக்ஸின் முகம் வேண்டும்: எல்இடி விளக்குகள், பெரிய கிரில், உள்ளே தொடுதிரை. சித்திக்கு வேறு கவலை. “பின்னால உட்கார்றதும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே. முதல்ல அந்த பெல்ட்டைப் பாருங்க” என்பார். சித்தப்பாவோ, “எல்லாம் சரி, எவ்வளவு ஆகும்?” என்பதோடு நிறுத்திக்கொள்வார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று விசாரிக்கக் கிளம்பினேன். காக்கி புக்கிட், சின் மிங் பணிமனைகளிலும் ஜாலான் புசார் வட்டாரக் கடைகளிலும் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

ஆயுள் கணக்கு

மற்ற நாடுகளில் பழைய வண்டியைப் புதுப்பிப்பது பொழுதுபோக்கு. சிங்கப்பூரில் அது முதலில் கணக்கு. 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் ஒரு சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. பிறகு ஐந்து அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதற்குக் கடந்த மூன்று மாதங்களின் சராசரி விலையைக் கட்டவேண்டும். 

பிக்அப், வேன், லாரி ஆகியவை ‘சி’ பிரிவில் வருகின்றன. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பிரிவின் விலை 60,000 வெள்ளிக்கு மேலேயே இருந்தது. வண்டியின் விலை தனி. அதனால்தான் சிறு வணிகர்கள் பழைய வண்டியை விட மனமில்லாமல் ஓட்டுகிறார்கள். ஆனாலும் சரக்கு வாகனங்களுக்கு 20 ஆண்டு என்பது உச்சவரம்பு. சித்தப்பா 2018ல் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார். 2028ல் அந்த வண்டி சாலையிலிருந்து விலகியே ஆகவேண்டும். கார்களுக்குக் கிடைப்பதுபோன்ற பதிவுநீக்கக் கழிவும் சரக்கு வாகனங்களுக்கு இல்லை. இன்று போடும் ஒவ்வொரு வெள்ளியும் அதற்குள் பயன் தந்துவிட வேண்டும்.

அண்ணன் சட்டை தம்பிக்கு

புதிய மாடலின் பாகம் பழையதில் எப்படிப் பொருந்துகிறது? 1968ல் ஜப்பானில் அறிமுகமான ஹைலக்ஸின் ஏழாம் தலைமுறை 2004ல் தாய்லாந்தில் வந்தது. அதே அடித்தளத்தில் ஃபார்ச்சூனரும், தமிழ்நாட்டுச் சாலைகளில் நாம் தினமும் பார்க்கும் இன்னோவாவும் உருவாயின. அதனால் இந்த மூன்றுக்கும் பொதுவான பாகங்கள் உண்டு. எட்டாம் தலைமுறை 2015ல் வந்தபோது பல மாறின, சில மாறவில்லை. ஆறு போல்ட்டு உள்ள மாடல்களில் சக்கரத்தின் போல்ட்டு வட்டம் இரண்டு தலைமுறையிலும் 139.7 மில்லிமீட்டர்தான்.

ஆனால், போல்ட்டு பொருந்துவது பாதி வேலைதான். புதிய பிரேக் கேலிப்பர் அளவில் பெரியதாக இருந்தால் பழைய சிறிய சக்கரத்துக்குள் அடங்காது. புதிய முகப்பு விளக்கின் வடிவம் வேறு என்பதால் அதை மட்டும் மாட்ட முடியாது. பம்பர், கிரில், பானெட், இருபக்க ஃபெண்டர் என வரிசையாக எல்லாம் மாறவேண்டும். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இதைத் தொகுப்பாகவே விற்கிறார்கள். சாயம் அடிக்கும் செலவு அதில் சேராது.

மின்னணுப் பாகங்களில் சிக்கல் இன்னும் அதிகம். புதிய வண்டிகளில் பாகங்கள் ஒன்றோடொன்று தரவுக் கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற முறை அது. எதிர்பார்த்த பதில் வராவிட்டால் புதிய பாகம் வேலை செய்யாது. காற்றுப்பை உள்ள புதிய ஸ்டியரிங்கைப் பழைய வண்டியில் மாட்டுவது வெறும் அலங்காரம்தான். மோதலை உணரும் கருவியும் கணினியும் அந்த வண்டிக்கென்றே அளவிடப்பட்டவை.

கடைக்காரர் ஒருவர் சொன்ன குறிப்பு உங்களுக்கும் உதவும். டொயோட்டா பாக எண்ணின் முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 04465 என்றால் முன்சக்கர பிரேக் பேட். அடுத்த ஐந்தில்தான் மாடல் வேறுபாடு இருக்கிறது. “பார்க்க ஒரே மாதிரி இருக்கு” என்று வாங்காமல், முழு எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்யவேண்டியவை, செய்யவே கூடாதவை. வானொலி, திரை போன்றவை முதல் வகை. இயந்திரத்தை மாற்றுவது இரண்டாம் வகை. வண்டிக்கு அடியில் ஒளிரும் அலங்கார விளக்குகள் மூன்றாம் வகை. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. பாகம் வாங்குமுன் ஆணையத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றம், விபத்து இழப்பீட்டின்போது தடையாக வந்து நிற்கும்.

பத்து வயதைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அழகுக்காகச் செய்த மாற்றம் அங்கே ஒவ்வொரு முறையும் கேள்விக்குள்ளாகும்.

பழைய வண்டியில் புதிய கருவியைப் பொருத்தும்படி சட்டமே சொல்லும் இடமும் உண்டு. 3,501 கிலோ முதல் 12,000 கிலோ வரை மொத்த எடை கொண்ட லாரிகளில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாகிறது. லாரியின் பின்புறத்தில் ஊழியர்கள் உட்கார்ந்து செல்லும் ஊரில், பழையதை மேம்படுத்துவது என்பதன் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பணம் எங்கே போகவேண்டும்?

பணிமனையில் பட்டியலை நீட்டியதும் அனுபவமுள்ள மெக்கானிக் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டார்.

முதலில் இருக்கைப் பட்டை. பின்னிருக்கைப் பட்டைகள் இழுத்தால் வருகின்றன, விட்டால் சுருளவில்லை. வேகமாக இழுத்தால் பூட்டிக்கொள்வதும் நிச்சயமில்லை. இதற்குக் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து எடுத்ததை வாங்கக்கூடாது என்றார். ஒரு விபத்தில் இழுபட்ட பட்டை அடுத்ததில் காப்பாற்றும் என்று சொல்லமுடியாது.

அடுத்தது பிரேக். பெரிய கேலிப்பர் வேண்டாம். அந்த மாடலுக்கே உரிய புதிய டிஸ்க், பேட், ரப்பர் குழாய், புதிய பிரேக் எண்ணெய் போதும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும். சுமையோடு இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது பெடல் தளர்ந்துபோகும்.

மூன்றாவது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. பூ தேயாவிட்டாலும் வயது ஏறியிருக்கும்.

பிறகுதான் விளக்கு. பழைய விளக்குக் கூண்டில் எல்இடி பல்பை மட்டும் செருகுவதை அவர் ஏற்கவில்லை. உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், இழை எரியும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் எதிரே வருபவரின் கண் கூசும். சித்தப்பாவின் வண்டியில் குறை பல்பில் இல்லை, மஞ்சளித்துப்போன கண்ணாடியில்தான். அதே மாடலுக்கான புதிய விளக்குத் தொகுதியே தீர்வு.

கடைசியில் தம்பிக்கும் ஒன்று கிடைத்தது: திரையும் பின்புறக் கேமராவும். வானொலிப் பெட்டிக்கான பொது அளவில் அகலம் 180 மில்லிமீட்டர். டொயோட்டாவின் பல வண்டிகளில் அந்த இடம் 200 மில்லிமீட்டர் என்பதால், அளவு பார்த்து வாங்கினால் சட்டம் தேவையில்லை. கெர்பாவ் சாலை போன்ற குறுகலான தெருவில் ஆட்களுக்கு நடுவே பின்னால் எடுக்கும் வண்டிக்குக் கேமரா ஆடம்பரம் இல்லை. (திரை வந்தாலும் வானொலி பொத்தான் முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். தொழில் பற்று!)

புதிய முகத்துக்கு ஒதுக்கிய பணம் 2028க்கான சேமிப்பில் சேர்ந்துவிட்டது. “அப்ப புது வண்டியே புது முகத்தோட வரும்” என்று சித்தி தம்பியைச் சமாதானப்படுத்தினார்.

அந்தப் பின்னிருக்கையில் உட்காரும் இருவரில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். புதிய பட்டையை இழுத்து மாட்டியதும் ‘டக்’ என்று கேட்ட சத்தத்தை அவர் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நேற்று இருந்ததைப்போலவேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பத்து வயதைத் தாண்டிய வண்டி இருந்தால், பாகங்களுக்கு விலை கேட்பதற்கு முன் பின்கதவைத் திறந்து, அந்தப் பட்டையை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பட்டியலின் முதல் வரி அங்கேயே கிடைத்துவிடும்.