ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஸ்ட்ராப் மாத்தப் போறீங்களா? வாங்கும் முன் இதை கவனிங்க!

வாட்ச் நல்லா ஓடும். ஸ்ட்ராப் மட்டும் வெடித்து அறுந்திருக்கும். அவசரத்தில் கலரை மட்டும் பார்த்து வாங்கினால், ஒன்று பொருந்தாது. இல்லை, கையில் அரிப்புதான் மிச்சம்.

அளவு என்ன?

வாட்சில் ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மி.மீ. இருக்கும். 20 மி.மீ. இடத்தில் 22 நுழையாது. 18 போட்டால் ஆடும். ஆப்பிள் வாட்ச், பல ஜி-ஷாக் மாடல்களுக்குத் தனி வடிவம் என்பதால், மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

எது வசதி?

நீச்சல், வியர்வைக்கு சிலிகான் ஓகே; கழுவித் துடைத்தால் போதும். நைலான் லேசா, காற்றோட்டமா இருக்கும், ஆனால் காய நேரமாகும். லெதர் உடற்பயிற்சிக்கு சரிவராது.

மாட்டுவது எப்படி?

துண்டு விரித்து வாட்சைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்பிரிங் பின் தெறித்தாலும் தொலையாது. பின்னின் இரு முனையும் துளையில் உட்கார வேண்டும். பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால், ஓடும்போது வாட்ச் கழன்று விழலாம்.

எவ்வளவு இறுக்கம்?

லூசாக இருந்தால் சென்சார் நகர்ந்து இதயத்துடிப்பைத் தப்பாகக் காட்டலாம். ரொம்ப இறுக்கினால் வியர்வை தேங்கி தோல் சிவக்கும். உடற்பயிற்சியின்போது மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு கட்டினால் போதும், முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அரிப்பு தொடர்ந்தால் கழற்றிவிட்டு தோல் டாக்டரைப் பாருங்கள்.