குற்றவியல் படிக்கப் புறப்படும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு...

2021 ஜனவரி 22. ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளைக்குள் துப்பாக்கிகளுடன் புகுந்த கும்பல், சுமார் 25 கிலோ தங்க நகைகளை அள்ளிச் சென்றது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கிருந்து பெங்களூரு வழியாக ஹைதராபாத் வரை ஒரே நெடுஞ்சாலை. தப்பிவிடலாம் என்று நம்பியவர்கள் மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள். நகைகளோடு இருந்த ஜிபிஎஸ் கருவி அவர்கள் போன வழியைக் காட்டிக்கொடுத்தது. மாநில எல்லைகளைப் பார்க்காமல் போலீஸார் கைகோத்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018 நவம்பரில், இதே எல்லையைத் தாண்டி இன்னொரு கொடுமை நடந்தது. சாதி மறுத்து மணம் முடித்து ஓசூரில் குடியிருந்த இளம் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் காவிரியில் கிடைத்தன. இறந்தவர்கள் யார் என்றே அங்கிருந்த போலீஸாருக்குத் தெரியவில்லை. இளைஞரின் சட்டையில் அச்சிட்டிருந்த ஊர்ப்பெயர்தான் துப்பு கொடுத்தது. பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி மணம் முடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது.

களவுபோன தங்கம் ஒரே நாளில் மீண்டது. ஆபத்தில் இருந்த இரண்டு உயிர்களைப் பற்றி உரிய நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று கேட்பதில்தான் குற்றவியல் நீதி என்ற படிப்பு தொடங்குகிறது. அதை முதுநிலையில் படிக்க வெளிநாடு போக நினைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியவை சில உண்டு.

முதலில், எந்தப் படிப்பு?

மூன்று படிப்புகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ரத்தக்கறை, கைரேகை, அழித்த செல்போன் பதிவு ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படிப்பது தடய அறிவியல். குற்றம் ஏன், எங்கே, யாரால், யாருக்கு நடக்கிறது என்று ஆராய்வது குற்றவியல். போலீஸ், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக வைத்து, எந்தக் கண்ணி அறுகிறது என்று பார்ப்பது குற்றவியல் நீதி. ஆய்வுக்கூட வேலையை மனதில் வைத்துக்கொண்டு குற்றவியலில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எங்கே படிக்கலாம்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் கழகத்தை 1959இல் லியோன் ராட்சினோவிச் தொடங்கினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உள்ள ஜில் டாண்டோ கழகம் 2001இல் பிறந்தது. 1999இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிபிசி தொகுப்பாளரின் பெயர் அதற்கு. குற்றவாளி யார் என்பதோடு நில்லாமல், அந்த இடத்தில், அந்த நேரத்தில் குற்றம் எப்படிச் சாத்தியமானது என்று கேட்பது அங்கு வளர்ந்த மரபு. நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி, போலீஸ்காரர்களுக்குப் பட்டப்படிப்பு தர 1964இல் தொடங்கப்பட்டு, இன்று உலகறிந்த குற்றவியல் நீதிக் கல்லூரியாக நிற்கிறது. பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு; அமெரிக்காவில் சுமார் இரண்டு ஆண்டுகள்.

பணம் கட்டுவதற்கு முன்

வெளிநாட்டுக் குற்றவியல் பட்டம் உங்களை வக்கீல் ஆக்காது. நம் நீதிமன்றங்களில் வாதாட, பார் கவுன்சில் ஏற்கும் சட்டப் பட்டம் வேண்டும். நேரடியாகக் காக்கிச் சட்டையும் தராது. ஐபிஎஸ் ஆனாலும் சப்-இன்ஸ்பெக்டர் ஆனாலும் இங்குள்ள தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் எஃப்பிஐ போன்ற அமைப்புகள் அந்நாட்டுக் குடிமக்களை மட்டுமே வேலைக்கு எடுக்கின்றன. படித்து முடித்ததும் அங்கேயே போலீஸ் வேலை என்று ஏஜென்ட் யாராவது ஆசை காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

விசா விதிகளையும் படிப்பின் பெயரோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி பொதுவாக 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். தடய அறிவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குற்றவியல் நீதி பெரும்பாலும் இல்லை. கடனை அடைக்கும் கணக்கே இதனால் மாறிவிடும்.

ஓராண்டு பிரிட்டிஷ் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்ற பழைய பயத்துக்கு, 2022 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் பதில் தந்தது. அந்த ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை இந்தியா ஏற்கிறது. சட்டம், மருத்துவம் போன்ற தொழில்முறைப் பட்டங்கள் மட்டும் அதில் சேராது.

கடனுக்கு அலைவதற்கு முன் உதவித்தொகைகளைத் தேடுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள் உண்டு. செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையை நாடுகிறவர்கள் விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். இந்தியச் சமூகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுத் தலைப்புகளுக்கு அதில் இடமில்லை என்று 2022இல் விதி வந்தது. சாதிய வன்முறையை ஆராயப் போகும் பிள்ளைக்கு அது அடைபட்ட கதவு. வருத்தத்துக்குரிய விதி இது, மாற வேண்டும்.

தமிழ்நாடு தந்தது

இந்தத் துறையில் நாம் வெறுங்கையோடு போகிறவர்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பல பத்தாண்டுகளாகப் பாடமாக இருக்கிறது. அங்கிருந்து வந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம், பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று நீதியைப் பார்க்கும் துறையை இந்தியாவில் வளர்த்தவர். பின்னர் ஜப்பானின் டோக்கிவா பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். இணையக் குற்றங்களுக்கெனத் தனிக் குற்றவியல் வேண்டும் என்று கே. ஜெய்சங்கர் 2007இல் பன்னாட்டு ஆய்விதழ் தொடங்கினார். அப்போது அவர் இருந்தது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். இவர்கள் இருவரும் இங்குள்ள கேள்வியை உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள்.

எல்லை கேட்கும் கேள்விகள்

கேள்விகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் உள்ள அத்திப்பள்ளியில் அடிவாங்கியவர் ஓசூரில் புகார் கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது? எத்தனை நாளில் அது எல்லை தாண்டுகிறது? சிப்காட்டில் வேலை செய்யும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளி பறிகொடுத்ததை எந்த மொழியில் சொல்கிறார்? சொல்கிறாரா? தளி, அஞ்செட்டி மலைக் கிராமங்களில் குழந்தைத் திருமணம் நடக்கும்போது, தகவல் தெரிந்தவர் யார், வாய் திறக்காமல் இருந்தவர் யார்? 2023 அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் தீப்பிடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். அதை விபத்து என்று எழுதி முடிப்பதா, குற்றம் என்று விசாரிப்பதா?

இவற்றுக்குப் பதில் தேடும் கருவிகள்தான் வெளிநாட்டில் கற்க வேண்டியவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 முதல் வீடு வீடாகப் போய், உங்களுக்கு என்ன குற்றம் நேர்ந்தது, போலீஸிடம் சொன்னீர்களா என்று கேட்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவில் 1970களிலேயே தொடங்கிவிட்டது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும். படியேறாத புகார் எந்த ஏட்டிலும் இல்லை. ஓசூரின் தொழிலாளர் குடியிருப்புகளில் அப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்தக் கற்ற ஒருவர் திரும்பி வந்தால், மாவட்டத்துக்கு அது பெரும் பேறு.

வேலையும் இல்லாமல் இல்லை. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது அதே புதிய நடைமுறைச் சட்டம். அதற்கு ஆட்கள் வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்டப்பணிகள் ஆணைக்குழு, சிறைவாசிகளின் மறுவாழ்வு, தொழிற்சாலைகளின் உள்விசாரணைப் பிரிவு என்று களங்கள் பல. எந்த வேலைக்கும் அறிவிக்கையில் கேட்கும் அடிப்படைப் பட்டம் உங்களிடம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஓரிரு பக்கம் எழுதித் தரச் சொல்கின்றன. காசு கொடுத்து அதை எழுதி வாங்காதீர்கள். ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் சில நாள் உட்காருங்கள். வக்கீல்களோடும் ஏட்டுகளோடும் வழக்குக்காக அலைபவர்களோடும் பேசுங்கள். உங்கள் ஊரில் யாருக்கு நீதி எட்டவில்லை என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். அந்தப் பக்கங்களை எழுத முடிந்தவர் தைரியமாகப் போகலாம். முடியாதவர் ஓராண்டு பொறுத்து, தேடிப் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த ஓராண்டு வீண்போகாது.