கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை: சகோதரிகளின் சந்தேகங்கள்

தறிக்கூடத்திலும் களத்துமேட்டிலும் நம் சகோதரிகள் தமக்குள் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்றுண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது பற்றியதே அது. ஆடவர் காதில் விழத்தகாதது என்று இதனை ஒதுக்கி வைத்தமையால் விளைந்த தீங்கு சிறிதன்று.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்ததைக் கரும்பு பயிரிடும் அங்கத்தினர்களேனும் அறிதல் வேண்டும். கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் மாதவிலக்கினால் ஒரு நாள் வேலை தவறினாலும் மேஸ்திரிக்குத் தண்டம் கட்ட நேர்ந்தது. அந்த நட்டத்திற்கும், வெள்ளைப்படுதல் முற்றிப் புற்றுநோயாகும் என்ற அச்சுறுத்தலுக்கும் அஞ்சிப் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை இழந்தனர். 2019-ல் அம்மாநில அரசு அமைத்த குழு சுமார் 82,000 பெண்களை விசாரித்ததில், 13,000-க்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனத் தெரிந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் மேற்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் 2023-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

வெள்ளைப்படுதல் கர்ப்பப்பையை எடுப்பதற்குக் காரணமாகாது. நாற்றமும் அரிப்பும் இல்லாத ஈரக்கசிவு யோனிக்கு இயற்கையானது. துர்நாற்றம், அரிப்பு, தயிர்த் திப்பி போன்ற கசிவு ஆகியவை பெரும்பாலும் தொற்றைக் காட்டுவன, மருந்தாலேயே தீர்வன. சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறம் கழுவும் வழக்கம் நோயை வளர்க்குமேயன்றிப் போக்காது. ஆயினும், உறவுக்குப் பின்னரோ மாதவிலக்கு முற்றும் நின்ற பின்னரோ உதிரம் கண்டால் தாமதமின்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும். புற்றுநோயிலும், வேறெதற்கும் அடங்காத உதிரப்போக்கிலும் இச்சிகிச்சை உயிர் காப்பது என்பதை மறுப்பார் இல்லை. மற்றவற்றில், மாத்திரையாலோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தாலோ தீருமா என்று கேட்பதும், இன்னொரு டாக்டரின் கருத்தைப் பெறுவதும் நம் உரிமை.

“எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம்” என்று சொல்வோர் பலர். எவையெவை எடுக்கப்பட்டன என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி வாங்குக. கர்ப்பப்பை மட்டும் போயிருந்தால் மாதவிலக்கு நிற்கும். சினைப்பைகளின் சுரப்பு தொடரும். அவற்றையும் இளவயதில் எடுத்தால் உடல் தகிப்பு, எலும்புத் தேய்வு, இருதய நோய் ஆகியவற்றுக்கு இடமுண்டு. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருந்தால் அங்கே புற்றுநோய்ச் சோதனை தொடரவேண்டும்.

சாதாரணமாக இச்சிகிச்சையில் யோனி எடுக்கப்படுவதில்லை. கர்ப்பப்பை வாயும் எடுக்கப்பட்டால், யோனியின் மேல்முனை, பையின் வாயைத் தைப்பதுபோல் தைத்து மூடப்படுகிறது. வயிற்றுத் தழும்பு ஆறியதும் உள்தையலும் ஆறிற்று என எண்ணுவதுதான் பெரும்பிழை. சில வாரங்கள் பழுப்பு நிறக் கசிவும், கரையும் நூலின் துணுக்குகளும் வெளிவருவது இயல்பு. ஒரு மணி நேரத்திலேயே அணையாடை நனையும் உதிரம், துர்நாற்றம், காய்ச்சல், திடீரென நீர் வழிதல், ஏதோ பிதுங்குவது போன்ற உணர்ச்சி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஒன்று தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

தாம்பத்திய உறவை ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை, டாக்டர் சோதித்து அனுமதிக்கும்வரை, தள்ளிவைத்தல் அவசியம். இதனைக் கணவன்மாரும் அறிந்திருக்க வேண்டும். சகோதரிகள் தாமே சொல்லக் கூசுவர். பின்னர் வறட்சியும் எரிச்சலும் கண்டால் அதற்கெனக் களிம்புகள் உள்ளன.

நம்மவர்க்கு மருந்தைவிட ஓய்வே கடினம். மறுநாள் முதல் மெல்ல நடப்பது நன்று. ஆனால் நிறைகுடமும், நெல் மூட்டையும், பாவு சுற்றிய உருளையும் ஆறு வாரங்களுக்குத் தூக்கலாகாது, மலச்சிக்கலுக்கும் இடங்கொடுக்கலாகாது. தறி மிதிப்பதை எப்போது தொடங்கலாமென டாக்டரிடமே கேட்டறிக. சிறிது தேறியபின் உட்கார்ந்து தார் சுற்றலாம். குடத்தை அதுவரை வீட்டு ஆடவர் சுமக்கட்டும்.